இயந்திரத்துக்கு ஏடு தொடக்கல்

புதிய பொருள்களைப் போற்றுவதில் யாழ்ப்பாணத்தவர்க்கு நிகர் யாழ்ப்பாணத்தவரே. புதிதாய் வாங்கிய மோட்டார் வண்டியின் இருக்கைகளை மூடிவந்த பொலித்தீன் உறை, அவ்வண்டி பழசாகிக் கைமாறும் நாள்வரை கழற்றப்படாதிருப்பதுண்டு. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பீங்கான் கோப்பைகள் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து விருந்தினரைப் பார்த்துக்கொண்டிருக்க, விருந்தினரோ பழைய பேணியில் தேநீர் அருந்திவிட்டுப் போவர். இதனைக் கஞ்சத்தனம் என்று சொல்லி நகைத்துவிடுதல் எளிது. ஆயினும், ஒருமுறைக்கு மேல் வீடு வாசலை விட்டுப் போய்த் திரும்பி வந்தபோது கதவு நிலைகூட மிஞ்சாதிருக்கக் கண்டவர்களிடம், கையில் உள்ளது கெடாதிருக்கவேண்டும் என்ற அச்சம் வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை.

எனினும் எல்லாப் பொருள்களும் இவ்வகை அன்புக்கு இசைவதில்லை. சில பொருள்கள் போற்றப் போற்றக் கெடுவன. புதிய டீசல் இயந்திரம் அவற்றுள் ஒன்று. இந்த உண்மையை வட்டுக்கோட்டையில் ஒரு மனிதர் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார். அவர் கற்ற விதமும், கற்றதைப் பிறிதொருவருக்குக் கைமாற்றிய விதமும் சொல்லத்தக்கன.

வட்டுக்கோட்டை என்றதும் கல்வியே பலர்க்கும் நினைவுக்கு வரும். 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரியும், அதன் வழித்தோன்றலாக 1872 இல் உருவான யாழ்ப்பாணக் கல்லூரியும் அவ்வூருக்குத் தேடித்தந்த புகழ் அது. ஆனால் ஊரின் ஒருபுறம் வயலும் மறுபுறம் கடலும் உண்டு. தெற்கே அராலிப் பக்கம் நடந்தால் வழுக்கியாறு கடலேரியோடு கலக்குமிடம் வரும். வடமேற்கே பொன்னாலையைத் தாண்டினால் காரைநகருக்குச் செல்லும் கடற்பாலம் தொடங்கும். ஆகவே தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரமும் வள்ளத்து இயந்திரமும் ஒரே கொட்டகைக்குத்தான் மருத்துவம் நாடி வரும். பனையோலை வேலிக்குப் பின்னால் தகரக் கூரையிட்ட அத்தகைய கொட்டகை ஒன்றின் உரிமையாளரே இக்கட்டுரையின் நாயகர். வயது எழுபதை நெருங்குகிறது. ஊரவர் யாவர்க்கும் அவர் ‘மெக்கானிக் அண்ணை’. இளையோர்க்கு ‘மெக்கானிக் ஐயா’.

அவர் தொழில் பழகியது காரைநகரில். 1950 களின் பிற்பகுதியில் இலங்கை மீனவரின் படகுகளுக்கு இயந்திரம் பொருத்தும் முயற்சி தொடங்கியது. குருநகரைச் சேர்ந்தவரும், 1956 இல் நோர்வே சென்று அந்நாட்டில் குடியேறிய முதல் தமிழர் எனப்படுபவருமான அன்ரனி இராஜேந்திரம் அவர்களின் முயற்சியால் 1967 இல் சீநோர் நிறுவனம் தோன்றியது. காரைநகரில் அதன் படகுத்துறை எழுந்தபோது, சுற்றுவட்டார இளைஞர் பலர் உளியையும் சாவியையும் கையிலெடுத்தனர். போர்க்காலத்தில் அத்துறை முடங்கிப்போனது. அங்கு கைத்தொழில் பழகியவர்கள் திசைக்கொருவராய்ச் சிதறினர். இவர் தமது சாவிப்பெட்டியுடன் ஊர் திரும்பினார்.

அண்மையில் ஒரு நாள் அவருடைய கொட்டகைக்கு மரப்பெட்டி ஒன்று வந்திறங்கியது. தீவுப்பகுதியிலிருந்து மீன் ஏற்றிவரும் வள்ளம் ஒன்றுக்கு, குளிர்ப்பெட்டி பூட்டுவதற்காக வாங்கப்பட்ட கடல்வகை மின்பிறப்பாக்கி அதற்குள் இருந்தது. ஐந்து கிலோவாற்று வலு; இரண்டு உருளைகள்; நிமிடத்துக்கு 1500 சுற்று. வள்ளத்தின் உரிமையாளர் அராலியைச் சேர்ந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பாதி வங்கிக் கடன், மீதி மனைவியின் நகை. பெட்டியைப் பிரித்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை எதிர்பார்த்ததே.

“புதுச் சாமான், அண்ணை. முதல் ஆறு மாசம் பாரம் போடாமல் மெல்ல ஓட விடுவம்.”

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “தம்பி, நீர் இதைத் தொட்டிலிலை போட்டு ஆட்டுறதுக்கே வாங்கினனீர்?” என்று கேட்டார்.

வள்ளக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பிடித்திருந்தால்தான் வியப்பு. புதியதை மெல்ல நடத்த வேண்டும் என்பது உலக வழக்கு. இங்கிலாந்தில் முன்னொரு காலத்தில், புதிய மோட்டார் வண்டியின் பின்கண்ணாடியில் ‘இயந்திரம் பழக்கப்படுகிறது, முந்திச் செல்லுங்கள்’ என்ற கருத்தில் அறிவிப்பு ஒட்டி, மெல்ல ஊர்ந்து செல்வார்கள். அந்தப் பழக்கத்தின் எச்சமே இன்றும் பலர் மனத்தில் சட்டமாய் நிற்கிறது. டீசல் இயந்திரத்தின் இயல்பு வேறு என்பதை அறிய, அதன் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

பெற்றோல் இயந்திரத்தில் மின்பொறி ஒன்று எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்தில் பொறி இல்லை. உருளைக்குள் அடைபட்ட காற்றைப் பிஸ்ரன் எனப்படும் முசலம் மேலெழுந்து பல மடங்கு நெருக்க, அக்காற்று ஐந்நூறு பாகைக்கும் மேலாகக் கொதிக்கும். அதற்குள் விசிறப்படும் எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும். 1897 இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் ருடோல்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இயந்திரத்தின் அடிப்படை இதுவே. நெருக்கப்பட்ட காற்றின் வலுவிலேயே அதன் உயிர் தங்கியிருக்கிறது. காற்றுக் கசிந்தால் உயிர் கசியும். அதனைக் கசியாமல் காப்பவை முசலத்தைச் சுற்றியுள்ள சில இரும்பு வளையங்கள்.

புதிய உருளையின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. தொழிற்சாலையில் அதன்மீது ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கீறல்கள் வேண்டுமென்றே இடப்படுகின்றன. கீறல்களின் பள்ளங்களில் எண்ணெய் தங்கிச் சுவரை நனைத்துவைக்கும். மேடுகளோ, முதல் சில மணி நேரங்களில் வளையங்களோடு உராய்ந்து தேய்ந்து, சுவருக்கு வளையமும் வளையத்துக்குச் சுவரும் பொருந்தும்படி சமப்பட வேண்டும். இந்தப் பொருத்தம் ஏற்படும் காலமே பழக்கும் காலம். அது இயந்திரத்தின் ஆயுளில் ஒருமுறை வருவது. தவறவிட்டால் எளிதில் மீளாதது.

வளையத்தைச் சுவரோடு அழுத்துவது எது? வளையத்தின் சொந்த விறைப்பு சிறிதே. எரிந்து விரியும் வாயு வளையத்தின் பின்புறம் புகுந்து, அதனை வெளிநோக்கித் தள்ளுகிறது. பெரும் அழுத்தம் அதுவே. சுமை குறைந்தால் எரிபொருள் குறையும். எரிபொருள் குறைந்தால் வாயுவின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் வளையம் சுவரில் மெத்தெனத் தடவிச் செல்லுமேயன்றிப் படிந்து பொருந்தாது. பொருந்தாத இடைவெளியால் எண்ணெய் மேலேறும். மேலேறிய எண்ணெய் வெப்பத்தில் வெந்து, சுவரின் கீறல்களுக்குள் வார்னிஷ் பூசியது போல் உறைந்துவிடும். அதன்பின் சுவர் உண்மையாகவே கண்ணாடியாகிவிடும். எண்ணெய் தங்கப் பள்ளமில்லை. தேய்ந்து பொருந்த மேடும் இல்லை. இயந்திரம் எண்ணெய் குடிக்கும். நீலப் புகை கக்கும். பாதி எரிந்த டீசல் கரிய பிசினாய்ப் புகைக்குழாயில் வழியும். இந்நோய் முற்றியபின் வெளியிலிருந்து மருந்தில்லை. இயந்திரத்தைக் கழற்றி, உருளையை மீண்டும் கீறி, வளையம் மாற்றுவதே வழி.

இதனால் புதிய இயந்திரத்தைத் தொடக்கத்திலேயே முழுச் சுமையில் மணிக்கணக்காக வதைக்கலாம் என்பதன்று பொருள். பொருந்தாத பரப்புகள் உராயும்போது வெப்பம் மிகும். அவ்வெப்பமும் கேடு செய்யும். சில நிமிடம் சும்மா ஓடவிட்டு உடம்பு சூடேற்றி, அரைப்பங்கிலிருந்து முக்காற்பங்கு வரையான சுமையை ஏற்றியும் இறக்கியும் கொடுத்து, இடையிடையே சிறிது நேரம் முழுப் பாரத்தையும் காட்டி, முதல் ஐம்பது மணி நேரத்தில் வெறுமனே ஓடும் நேரத்தை இயன்றவரை குறைப்பதே பொதுவாகச் சொல்லப்படும் நெறி.

இந்நெறி எங்கள் ஊர்களுக்குப் புதிதன்று என்பதே விந்தை. புதிய மண்சட்டியை அலுமாரியில் வைத்து எவரும் உறுதியாக்குவதில்லை. அரிசி கழுவிய நீரை ஊற்றி அடுப்பில் கொதிக்கவைத்தே பழக்குவர். சவாரிக்கும் வண்டிக்கும் நாம்பன் பழக்குபவர், பழகிய மாட்டுக்குச் சோடியாக அதனை நுகத்தில் பூட்டி, முதலில் வெறும் வண்டி, பின் சிறு பாரம் என ஏற்றிச் செல்வர். தொழுவத்திலேயே கட்டித் தீன் போட்ட மாடு நுகத்தடியைக் கண்டால் படுத்துவிடும். மரவள்ளம் கரையில் ஏறிக் காய்ந்து கிடந்தால் பலகைகள் சுருங்கிப் பொருத்துவாய் திறக்கும். நீரில் ஊறினால்தான் பலகை பருத்து வாய் மூடும். சட்டிக்கும் மாட்டுக்கும் வள்ளத்துக்கும் தெரிந்த உண்மையை இயந்திரத்தின் முன்னால் மட்டும் மறந்துபோனது ஏன்?

அந்தக் கேள்விக்கு மெக்கானிக் அண்ணையின் வாழ்க்கையிலேயே விடை உண்டு. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் ஒரு வாய் மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடும்படி மோட்டார் வண்டிகளும் நீரிறைக்கும் இயந்திரங்களும் மாற்றப்பட்டன. அந்த ஐந்தாண்டுகளில் நல்ல மெக்கானிக் என்பவர், ஒரு துளி எண்ணெயில் இன்னொரு நிமிடம் ஓடவைப்பவர். அக்கலையில் அவருக்கு இணையாக அயலில் எவரும் இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது அவரும் நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பினார். அந்தச் சிக்கன அறிவு மாத்திரம் எங்கும் தொலையாமல் கூடவே திரும்பியது.

2002 இல் போர்நிறுத்தம் வந்து கண்டிவீதி திறந்ததும் புதிய பொருள்கள் வடக்கே வந்து குவிந்தன. அயலூரில் சிறு அச்சகம் நடத்திய ஒருவர், நகையை ஈடுவைத்துப் புத்தம் புதிய டீசல் மின்பிறப்பாக்கி வாங்கினார். பூட்டிக் கொடுத்தவர் மெக்கானிக் அண்ணையே. “முதல் ஆறு மாசம் பாரம் குடுக்காதையுங்கோ. இரண்டு லைற்றும் ஒரு ஃபானும் போதும்” என்று சொன்னவரும் அவரே. அச்சகக்காரர் அந்தச் சொல்லை வேதமாய்க் கொண்டார். அச்சியந்திரத்தை மின்வாரியத்தின் மின்சாரம் வரும்வரை நிறுத்திவைத்து, மின்பிறப்பாக்கியை இரண்டு மின்குமிழுக்காக நாள்தோறும் மணிக்கணக்கில் ஓட்டினார். ஆண்டு திரும்புமுன் அது எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. அச்சியந்திரத்தைப் பூட்டினால் மூச்சுத் திணறிற்று. கழற்றிப் பார்த்தபோது உருளைச் சுவர் முகம் பார்க்கும் கண்ணாடியாய் மின்னியது.

தேயாமலே கெட்ட இயந்திரத்தை அவர் அன்றுதான் முதன்முதலிற் கண்டார். காரணம் விளங்கவில்லை. இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் கைநூல் எங்கே என்று கேட்டார். அச்சகக்காரர் உள்ளே சென்று எடுத்துவந்தார். பொலித்தீன் உறைக்குள் அது பத்திரமாக இருந்தது. ஒருவரும் பிரித்திருக்கவில்லை. ஆசிரியர் ஒருவரின் துணையோடு அதனை வாசித்தபோது, நீண்ட நேரம் சுமையின்றி ஓட்டலாகாது என்ற எச்சரிக்கை தொடக்கப் பக்கங்களிலேயே இருந்தது. அச்சகக்காரர் அவரைக் குறைகூறவில்லை. “விதி” என்று சொல்லிவிட்டு மீட்கமுடியாத நகையை மறந்தார். குறைகூறியிருந்தால் பாரம் இறங்கியிருக்கும். அந்தப் பழைய வளையங்களைக் கொட்டகையின் வளையில் கம்பியிற் கோத்துத் தொங்கவிட்டார் மெக்கானிக் அண்ணை. இன்றும் அவை தொங்குகின்றன.

வள்ளக்காரரின் மின்பிறப்பாக்கி வந்த நாளிலும் அவர் அந்த வளையங்களைத்தான் நிமிர்ந்து பார்த்தார். பின்பு, வள்ளத்தில் இறக்குமுன் பத்து மணி நேரம் இங்கேயே பாரத்தில் ஓட்டுவது என்று முடிவாயிற்று.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. வள்ளத்தைச் செலுத்தும் இயந்திரத்தை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பழக்கலாம். மின்பிறப்பாக்கிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மின்னோட்டத்தின் மீடிறன் 50 இல் நிற்கவேண்டுமாயின் சுற்று 1500 இல் நின்றாக வேண்டும். ஆகையால் மாற்றக்கூடியது சுமை ஒன்றே. சுமைக்கு எங்கே போவது? முன்னைய நாளில் நான்கு மின்குமிழ் ஏற்றினால் நானூறு வாற்று, இன்றைய எல்.ஈ.டி. விளக்கு நான்கு ஏற்றினால் நாற்பது வாற்றும் தேறாது. விளக்குகள் சிக்கனமாகச் சிக்கனமாக, பெரிதாய் வாங்கிய மின்பிறப்பாக்கிகள் வேலையின்றி நோய்ப்படுகின்றன. முதியவர் பரணிலிருந்து பழைய நூறு வாற்று மின்குமிழ்கள் இருபதைத் தேடியெடுத்து ஒரு பலகையில் வரிசையாகப் பூட்டினார். அயல்வீடுகளில் ஆயிரம் வாற்று மின்னழுத்திகள் இரண்டை இரவல் வாங்கினார். மின்குமிழ்கள் மட்டும் எரிந்தால் ஏறத்தாழ 9 அம்பியர். மின்னழுத்திகளும் சேர்ந்தால் 17. மின்னழுத்தி சூடானதும் தானே அணைந்து, ஆறியதும் தானே பற்றுவதால், ஒருவரும் கைவைக்காமலே சுமை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

வள்ளக்காரருக்கு உதவியாக அவருடைய மகன் வந்திருந்தான். உயர்தர வகுப்பு மாணவன். அன்று சனிக்கிழமை. அவனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, கால்மணிக்கு ஒருமுறை எண்ணெய் அழுத்தம், நீரின் வெப்பம், அம்பியர், புகையின் நிறம் ஆகியவற்றைக் குறிக்கும்படி முதியவர் சொன்னார். தகப்பன் குறுக்கிட்டார். “அவன் படிக்கிற பிள்ளை, அண்ணை. அவனுக்கேன் இந்த எண்ணெய்ப் புழுதி? நான் எழுதுறன்.” முதியவர் கொப்பியைத் திருப்பி வாங்கவில்லை.

கடல்வகை மின்பிறப்பாக்கிக்குச் சில தனிக்குணங்கள் உண்டு. தரையில் நிற்கும் இயந்திரம் காற்றால் ஆறும். இதுவோ கடல்நீரை உறிஞ்சி, அந்நீரால் தன்னுள் ஓடும் நன்னீரைக் குளிர்வித்து, சூடான கடல்நீரைப் புகையோடு கலந்து வெளியே தள்ளும். நீரை உறிஞ்சுவது இறப்பரினாலான சிறு சில்லு. நீரின்றிச் சுழன்றால் மிக விரைவில் கருகிச் சிதறும். இயந்திரம் பற்றாமல் மீண்டும் மீண்டும் முடுக்கினால், உறிஞ்சிய நீரை வெளியே தள்ளப் புகையின் வேகம் இராது. அது புகைப்பெட்டியில் நிறைந்து பின்வாங்கி உருளைக்குள்ளேயே புகும். ஆகவே பற்றும்வரை நீர்வாயிலைப் பூட்டிவைத்து, பற்றிய கணமே திறக்க வேண்டும். உப்புநீர் தின்பதற்கென்றே நாகத்தாலான கட்டை ஒன்றும் உள்ளே உண்டு. அது கரைவதால் மற்ற உலோகங்கள் பிழைக்கும். நாகக் கட்டை கரையாமல் இருந்தால் மகிழாதே, அது வேலை செய்யவில்லை என்று பொருள் எனப் பையனுக்குச் சொல்லப்பட்டது.

கொட்டகையில் கடலேது? கிணற்று நீர் நிரம்பிக்கொண்டேயிருக்கும் பீப்பாய் ஒன்றே அன்று கடலாயிற்று. வெளியேறும் நீரை வாழைக்குப் பாய்ச்சலாமே என்று வள்ளக்காரர் கேட்டார். முதியவர் மறுத்து, பழைய சீமெந்துத் தொட்டிக்குள் விட்டார். புகையோடு கலந்த நீரில் கரியும் எண்ணெயும் இருக்கும். வலிகாமத்தின் நிலம் சுண்ணக்கல்; மேலே சிந்தியது கீழே கிணற்றுக்குப் போய்விடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம்வரை சென்று 2019 இல் தீர்ப்பானதை அறியாதார் அங்கு இல்லை.

இயந்திரம் பற்றியது. ஐந்து நிமிடம் சும்மா ஓடிற்று. பின்பு ஐந்தைந்தாய் மின்குமிழ்கள் ஏறின. இயந்திரத்தின் குரல் தடித்தது. மாசிமாத நண்பகல் வெயிலில் இருபது மின்குமிழ்களும் பலகையில் எரிந்து நிற்க, வள்ளக்காரர் அதைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணிக்கு ஒன்றரை லீற்றர் அளவில் டீசல் போகிறது. 2022 இல் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற நாள்களும், அவ்வாண்டு ஓகஸ்ரில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயாகி வள்ளங்கள் கரையேறிய நாள்களும் அவருக்கு மறந்துவிடவில்லை. “பகலிலை லைற் எரிக்கிறதே, அண்ணை?” என்று அவர் கேட்ட குரலில் கோபம் இல்லை; வலிதான் இருந்தது. ஜாம் போத்தல் வெளிச்சத்தில் படித்த தலைமுறை அவருடையது.

அந்நேரம் ஒழுங்கையால் போன மூதாட்டி ஒருவர் படலையடியில் நின்று, “என்ன பிள்ளையள், பட்டப்பகலிலை விளக்கு வைச்சிருக்கிறியள்? திருவிழாவே?” என்று கேட்டார்.

“இல்லை ஆச்சி. எஞ்சினுக்கு ஏடு தொடக்கிறம்” என்றார் முதியவர்.

வள்ளக்காரர் சிரித்துவிட்டார். பையனும் சிரித்தான். சிரிப்போடு கொப்பியில் குறித்தான்: இரண்டாம் மணி, புகை சிறிது நீலம். நான்காம் மணிக் குறிப்பில் நீலம் மங்கியிருந்தது. ஆறாம் மணியளவில் இயந்திரத்தின் குரலில் ஒரு மாறுதல் கேட்டது. அதை முதலிற் சொன்னவன் பையன். “ஐயா, சத்தம் இறுகின மாதிரிக் கிடக்கு.” முதியவர் கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பின் தலையசைத்தார். எஞ்சிய நேரம் முழுவதும் வள்ளக்காரரும் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தார். அவருக்கு அது கேட்டதோ இல்லையோ, கேட்காதது போல் காட்டிக்கொள்ளவில்லை.

ஏடு தொடக்கும் நாளில் குழந்தையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் எழுதவைப்பது, அதற்கு நோகட்டும் என்றல்ல. எழுத்து அதற்கு உரியதாகட்டும் என்றே. ஆனால் அதே குழந்தை வளர்ந்து உயர்தரம் படிக்கும்போது, கடற்காற்றும் மண்வெட்டியும் சாவியும் படாமல், பாடப் புத்தகத்துக்கும் ரியூசன் கொட்டிலுக்கும் நடுவே பொலித்தீன் உறையிட்டு வளர்ப்பதே அன்பு என்று ஆகிவிடுகிறது. போரைக் கண்ட பெற்றோர் அவ்வாறு நினைப்பதில் குற்றமில்லை. அச்சகக்காரரின் அன்பிலும் குற்றமிருக்கவில்லை. காத்தல் என்பது வேலை கொடாதிருத்தல் என்று கொண்டதே பிழை.

பத்து மணி முடிந்து மின்பிறப்பாக்கி வள்ளத்தில் இறங்கியது. எஞ்சிய நாற்பது மணிக்கும் முதியவர் ஒரே புத்திமதிதான் சொன்னார்: குளிர்ப்பெட்டிக்கு மட்டுமாக நாள்முழுதும் ஓட்டாதே, குளிர்ப்பெட்டி, பற்றறி ஏற்றி, நீர்ப்பம்பி எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பூட்டி இரண்டு மணி நேரம் நன்றாய் உழைக்கவிட்டு நிறுத்து. உழைப்புக்குப் பின் ஓய்வு; அரைகுறை வேலை வேண்டாம். கணக்குக் கொப்பி பையனிடமே இருந்தது. வள்ளம் கரைக்கு வந்ததும் தகப்பன் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். எண்ணெய் மட்டம் முதல் வாரத்தில் சற்று இறங்கியது. பிறகு இறங்குவது குறைந்தது. பிறகு அசையாது நின்றது.

ஐம்பதாம் மணியில் மூவரும் வள்ளத்தில் இருந்தனர். பழைய எண்ணெயைச் சூடாறுமுன் தகரத்தில் வடித்தபோது, வெயிலில் அது பொடிப்பொடியாய் மினுங்கிற்று. உருளையின் மேடுகள் அவை. வள்ளக்காரர் கலங்கினார். “இது முதலும் கடைசியுமாய் மினுங்கட்டும்” என்றார் முதியவர். வடியும் மாற்றி, வால்வு இடைவெளி அளந்து, பட்டியின் இறுக்கம் பார்த்து, புது எண்ணெய் விட்டுப் பூட்டினார்கள். இயந்திரம் முதல் முடுக்கிலேயே பற்றியது. பையன் கடைசி வரியை எழுதினான்: 50 மணி. 16 அம்பியர். புகை இல்லை.

தகப்பன் கொப்பியை வாங்கி முதற் பக்கத்திலிருந்து புரட்டினார். தாம் கடலில் இருந்த நேரங்களில் வெற்றிடமாய் விட்டுப் பின்னர் கேட்டு நிரப்பிய வரிகள் தனித்துத் தெரிந்தன. மின்பிறப்பாக்கியின் முகப்புத் தகட்டில் இன்னும் ஒட்டியிருந்த பொலித்தீன் தாளை நகத்தால் மெல்ல உரித்தபடி, மகனைப் பாராமலே சொன்னார்:

“நாளைக்கு ஞாயிறுதானே. கடலிலை உந்தச் சத்தத்தைக் கேக்க ஒரு ஆள் வேணும். விடிய வெள்ளன எழும்பு.”